ஒரு பீர் டம்ளரும் நான் கேட்க வேண்டிய மன்னிப்பும்



தலைப்பைப் பார்த்துவிட்டு "டீச்சரோட அக்கவுண்ட்டை எவனோ ஹேக் பண்ணிட்டான்" என்று யாரும் போன் போட வேண்டாம். நான்தான் எழுதுகிறேன். குடுமியான்மலை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஒற்றை விரலால் மூன்று நாளாகத் தட்டிக்கொண்டிருக்கிறேன். பதிவு நீளம்தான். கடைசி வரை படியுங்கள். உங்களில் ஒருவருக்கு மட்டும் கடைசியில் ஒரு சேதி வைத்திருக்கிறேன்.

2024 மே மாதம் மகன் வீட்டுக்கு, அயர்லாந்தின் டப்ளின் நகரத்துக்குப் போயிருந்தேன். உங்க சார் இருந்தபோது "ரெண்டு பேரும் சேர்ந்து போவோம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் போன பிறகு தனியாகத்தான் விமானம் ஏறினேன். மகனுக்குக் கம்ப்யூட்டர் வேலை, மருமகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பேரனுக்கு ஆறு வயது. ஜூன் மாதத்தில் அங்கே ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது. "அப்பத்தா, இன்னும் விடிஞ்சுதான் இருக்கு" என்று சொல்லிச் சொல்லியே அந்தப் பயல் தூங்காமல் ஏமாற்றுவான்.

ஒரு நாள் மாடிப்படிக்குக் கீழே இருக்கிற சின்ன அறையில் துடைப்பம் தேடினேன். பெரிய பை ஒன்று இருந்தது. காலில் பட்டதும் உள்ளே காலி டின்கள் உருண்டன. சில டின்களுக்குள் என்னவோ லொடலொடவென்று குலுங்கியது. எடுத்துப் பார்த்தேன். பீர் டின்கள். அந்த நாட்டில் 2024 பிப்ரவரியிலிருந்து ஒரு சட்டம். இந்த மாதிரி டின்னில் பானம் வாங்கினால் 15 சென்ட் முன்பணம் சேர்த்துக் கட்ட வேண்டும். காலி டின்னை நசுக்காமல் கடையில் கொண்டுபோய் மெஷினில் போட்டால் அந்தக் காசு திரும்ப வரும். அதற்காகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். மகன் ஒளித்து வைத்ததை ஒரு நல்ல சட்டம் எனக்குக் காட்டிக்கொடுத்துவிட்டது.

பையை இருந்த இடத்திலேயே வைத்தேன். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் பத்து நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஏன் என்று சொந்தக்காரர்களுக்குத் தெரியும், மாணவர்களுக்குத் தெரியாது. என் அப்பா குடித்தே போனவர். 1971இல் நம் மாநிலத்தில் மதுவிலக்கைத் தள்ளி வைத்தபோது எனக்குப் பதினொரு வயது. அதுவரை மறைவாக எப்போதாவது குடித்தவர், கடை திறந்ததும் தினமும் போனார். 1974இல் கடைகளை மறுபடி மூடினார்கள். அவருக்கு அது கள்ளச்சாராயமாக மாறியதே ஒழிய நிற்கவில்லை. அம்மா ஒரு நாள் வாசலில் நின்றுகொண்டு "குடிச்சுட்டு இந்தப் படி ஏறக் கூடாது" என்று சொல்லிவிட்டார். அப்பா ஏறவில்லை. அதற்குப் பிறகு கண்மாய்க்கரையிலும் களத்து மேட்டிலும் படுத்துக் கிடந்தார். எனக்குப் பதினாறு வயதில் போய்ச் சேர்ந்தார். அதற்கப்புறம்தான் ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தேன். ஆகவே குடி என்ற பேச்சை எடுத்தாலே எனக்கு ஆகாது. என் வகுப்பில் படித்தவர்களுக்கு அது நன்றாகவே தெரியும்.

டப்ளினில் நான் இப்படி வாய் திறக்காமல் இருந்த நாட்களில்தான் கள்ளக்குறிச்சிச் செய்தி வந்தது. விஷச் சாராயம், மெத்தனால் கலந்தது. அறுபது பேருக்கு மேல் செத்தார்கள். செல்போனில் அந்தத் தெருக்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு வீட்டு வாசலில் ஒரு பெண்பிள்ளை நின்றது. பதினாறு வயதில் நான் நின்ற மாதிரியே நின்றது.

மருமகள்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அத்தை, ஒங்களுக்கு எல்லாம் தெரிஞ்சு போச்சுன்னு எனக்குத் தெரியும்" என்றாள். பையை நான் நகர்த்திய தடத்தைப் பார்த்திருக்கிறாள். அவள் சொன்னது இதுதான்: மாதத்தில் ஒரு சனிக்கிழமை நண்பர்கள் இரண்டு குடும்பம் வரும். ஆளுக்கு ஒரு டம்ளர், அதோடு சரி. நீங்கள் வந்ததிலிருந்து இவர் வீட்டில் தொடுவதில்லை. வெளியே போய்விட்டு வருகிறார். போன வாரம் வருவதற்கு ராத்திரி ஒரு மணி ஆகிவிட்டது.

எனக்குத் திக்கென்றது. என் அம்மா வாசலில் நின்று சொன்ன வார்த்தையை நான் சொல்லாமலேயே சொல்லியிருக்கிறேன்.

அன்றைக்கு அவன் வேலை விட்டு வந்ததும் கேட்டேன். "அந்தத் தகர டின்னுக்குள்ள என்னடா குலுங்குது?"

முப்பத்தாறு வயது ஆள், ஐந்தாம் வகுப்புப் பையன் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டான். ரொம்ப நேரம் கழித்து, "அது ஒரு பிளாஸ்டிக் உருண்டைம்மா. உள்ள நைட்ரஜன் இருக்கும்" என்றான்.

"சரி. சனிக்கிழமை என் கண்ணு முன்னாடி அதைச் செஞ்சு காட்டு. வெளியில போக வேணாம்."

சனிக்கிழமை சாயங்காலம் சமையல் மேடையில் ஒரு உயரமான கண்ணாடி டம்ளரை வைத்தான். முதலில் ஹார்ப் என்கிற மஞ்சள் நிற பீரைப் பாதி வரை ஊற்றினான். அடுத்து கின்னஸ் என்கிற கறுப்பு பீர். ஒரு கரண்டியைக் கவிழ்த்து டம்ளருக்குள் பிடித்துக்கொண்டு, அதன் முதுகில் நூல் மாதிரி ஊற்றினான். கறுப்பு கீழே இறங்கவே இல்லை. மஞ்சளுக்கு மேல் கோடு போட்டாற்போல் தனியாக நின்றது. அதற்கு மேல் பாலாடை நிறத்தில் நுரை. ஒரே டம்ளரில் மூன்று அடுக்கு.

நான் பேச்சற்றுப் போனேன். எது கனம் எது லேசு என்று முப்பது வருஷத்துக்கு மேல் நான் பிள்ளைகளுக்குச் செய்து காட்டிய பாடம் அது! கருப்பட்டிப் பாகு அடியில், தண்ணீர் நடுவில், கடலெண்ணெய் மேலே. ஒரு காசைப் போட்டால் அடிக்குப் போகும், தக்கையைப் போட்டால் மேலே மிதக்கும். உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா?

ஆனால் ஒன்று இடித்தது. "ஏன்டா, கறுப்புதானே கெட்டியா இருக்கு? அது எப்படி மேல நிக்குது?" என்று கேட்டேன். அவன் சிரித்தான். பார்வைக்குத்தான் அது கெட்டி. வறுத்த பார்லியால் வந்த நிறம் அது. நிறத்துக்கும் கனத்துக்கும் சம்பந்தமில்லை. பார்லியில் இருந்து வருகிற சர்க்கரையில் எவ்வளவு நொதிக்காமல் மிச்சம் இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் கனம் கூடும். மஞ்சள் பீரைவிடக் கறுப்பு பீரின் அடர்த்தி ஒரு பொட்டுக் குறைவு. அந்த ஒரு பொட்டு வித்தியாசம் போதும், மெதுவாக ஊற்றினால். வேகமாக ஊற்றினால் இரண்டும் கலந்து கலங்கல் தண்ணீர்தான். குலுங்கிய உருண்டையின் வேலையும் அப்போதுதான் புரிந்தது. டின்னைத் திறந்ததும் உள்ளே அழுத்தம் குறைகிறது, உருண்டைக்குள் இருக்கிற நைட்ரஜன் சீறி வெளியே வந்து மெல்லிய நுரையைக் கிளப்புகிறது.

நம் பால் சொசைட்டியில் லாக்டோமீட்டர் என்று ஒரு கண்ணாடிக் குழாயைப் பாலில் மிதக்கவிட்டுத் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பார்களே, அதே தத்துவத்தில்தான் பீர் காய்ச்சுகிறவர்களும் ஒரு குழாயை மிதக்கவிட்டு, சர்க்கரை எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்க்கிறார்களாம். நம் ஊர் அண்ணா பண்ணைப் பக்கம் விதை நெல் தேர்வு செய்கிறவர்களுக்கும் இது தெரியும். தண்ணீரில் உப்பைக் கரைத்துக்கொண்டே வந்து, போட்ட முட்டை மிதந்து நாலணா அகலத்துக்கு வெளியே தெரிந்தால் கரைசல் பதம். அதில் விதையைக் கொட்டினால் பொக்கு மேலே வரும், முற்றிய மணி கீழே நிற்கும். பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை கழுவி விதைக்கலாம். பால், நெல், பீர் எல்லாவற்றுக்கும் பாடம் ஒன்றுதான்.

இந்த அடுக்கு பீருக்கு இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் "பிளாக் அண்ட் டான்" என்று பெயர். கறுப்பும் பழுப்பும். அயர்லாந்தில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் முகம் சுளிப்பார்கள் என்றான் மகன். "ஹாஃப் அண்ட் ஹாஃப்" என்றுதான் கேட்க வேண்டுமாம். காரணம் 1920. அயர்லாந்தின் விடுதலைப் போராட்டத்தை அடக்க பிரிட்டிஷ்காரர்கள் போலீசுக்கு அவசர அவசரமாக ஆள் எடுத்தார்கள். உடுப்புப் பற்றாக்குறையால் பாதி பட்டாளத்துக் காக்கி, பாதி கறுப்பாகத் தெரிகிற போலீஸ் கரும்பச்சை என்று போட்டுக்கொண்டு திரிந்த அவர்களுக்கு ஜனங்கள் வைத்த பெயர் பிளாக் அண்ட் டான்ஸ். அந்த வருஷம் செப்டம்பரில் டப்ளினுக்கு வடக்கே பால்பிரிகன் என்கிற ஊரைக் கொளுத்தியவர்கள் அவர்கள். நமக்கு 1919 ஜாலியன்வாலாபாக் மாதிரி அவர்களுக்கு அது ஆறாத புண். டம்ளரின் பெயர் அதற்கும் பழையதுதான். ஆனாலும் காயம்பட்டவன் காதில் அது எப்படி விழும் என்று பார்க்க வேண்டாமா?

மறுநாள் கின்னஸ் ஆலையைச் சுற்றிப் பார்க்க அழைத்துப் போனான். ஆர்தர் கின்னஸ் என்பவர் 1759இல் அந்த இடத்தை வருஷத்துக்கு 45 பவுண்டு வாடகையில் 9000 வருஷத்துக்குக் குத்தகை எடுத்தாராம். நீங்கள் நூலகத்தில் அடித்துப் பிடித்துக்கொண்டு படித்த கின்னஸ் சாதனைப் புத்தகம் இந்த ஆலையில் பிறந்ததுதான். வேட்டைக்குப் போன இடத்தில் எந்தப் பறவை வேகமாகப் பறக்கும் என்று ஆலையின் நிர்வாகிக்கு ஒரு சண்டை வந்து, அதைத் தீர்க்கப் புத்தகம் இல்லையே என்று 1955இல் போட்டார்கள்.

எனக்குப் பிடித்தது இன்னொரு கதை. வில்லியம் கோசெட் என்று ஒருவர் அங்கே வேலை பார்த்தார். கொஞ்சம் மாதிரிகளை மட்டும் வைத்துக்கொண்டு எப்படி நம்பகமான முடிவுக்கு வருவது என்று கணக்குப் போட்டார். ஆலைக்காரர்கள் ஊழியர்களைச் சொந்தப் பெயரில் எழுத விடவில்லை. அதனால் 1908இல் "ஸ்டூடன்ட்" என்று புனைபெயரில் வெளியிட்டார். மாணவன்! நம் ஊர் வேளாண் கல்லூரிப் பிள்ளைகள் இன்றைக்கும் போடுகிற "ஸ்டூடன்ட்ஸ் டி டெஸ்ட்" அவர் கொடுத்ததுதான். மாணவன் என்ற பெயர் நூறு வருஷம் தாண்டி நிற்கிறது பாருங்கள்.

நீங்கள் எல்லோரும் கேட்கப் போகிற கேள்விக்கு வருகிறேன். ஆமாம், ஒரு வாய் குடித்தேன். அறுபத்து நாலு வயதில் முதல் தடவையாக. கருகிய வேப்பம்பூ ரசம் மாதிரி இருந்தது. இரண்டாவது வாய் வேண்டாம் என்று வைத்துவிட்டேன். ஆனால் அன்றைக்கு நாங்கள் பேசின பேச்சு, அவன் பள்ளிக்கூடம் போன காலத்துக்கு அப்புறம் பேசாத பேச்சு. கல்லூரியில் முதல் முதல் குடித்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னான். என் அப்பாவைப் பற்றி நானும் முதல் முதலாக முழுக்கச் சொன்னேன். அவனுக்குத் தாத்தா "நெஞ்சு வலியில் செத்தவர்" என்றுதான் தெரியும். நானும் ஒளித்துத்தானே வைத்திருக்கிறேன்? அந்த ஒரு டம்ளரை அவன் ஒன்றரை மணி நேரம் வைத்திருந்தான்.

"ஏன்டா இத்தனை வருஷம் சொல்லல?" என்று கேட்டேன்.

"ஒனக்குச் சொல்லவே பயம்மா. நீ திட்டுனாக்கூடப் பரவாயில்ல. ஒரு பார்வை பார்ப்ப பாரு, அதுக்குத்தான்."

அந்தப் பார்வை என்றதும் எனக்கு வேறொரு முகம் ஞாபகம் வந்தது. இந்தப் பதிவே அந்த முகத்துக்காகத்தான்.

தொண்ணூறுகளின் கடைசி. பக்கத்து ஊர் ஒன்றில் ஐந்தாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் அடர்த்திப் பாடம். "ஆளுக்கொரு காலி பாட்டில் கொண்டு வாங்க" என்று சொல்லி அனுப்பினேன். மருந்து பாட்டில், தேன் பாட்டில் என்று ஆளுக்கு ஒன்று கொண்டு வந்தார்கள். ஒரு பையன் மட்டும் சட்டைக்குள் மறைத்துக் கொண்டு வந்தான். அவன் அப்பாவுடைய குவார்ட்டர் பாட்டில். ராத்திரியெல்லாம் ஊறப்போட்டு லேபிளைச் சுரண்டி எடுத்திருக்கிறான். சாம்பல் போட்டு விளக்கியிருக்கிறான். அன்றைக்கு மேஜை மேல் இருந்த பாட்டில்களிலேயே அதுதான் பளபளவென்று இருந்தது.

நான் அதை எடுத்து மோந்து பார்த்தேன். வகுப்பு முழுக்கப் பார்க்க மோந்து பார்த்தேன். "உங்க வீட்டுல வேற பாட்டிலே கிடையாதா?" என்று கேட்டேன். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். பாட்டிலை ஜன்னல் வழியாக வெளியே போட்டேன். அது உடைகிற சத்தத்துக்கு அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

அவன் வீட்டில் வேற பாட்டில் கிடையாதுதான். அது எனக்குத் தெரியும். குடிகாரன் வீட்டில் என்ன இருக்கும், என்ன இருக்காது என்று அந்த வகுப்பறையில் அவனுக்கு அடுத்தபடியாகத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அவன் பக்கம் நிற்க வேண்டியவளும் நான்தான். மறுநாளிலிருந்து அவன் வரவில்லை. பத்து நாள் கழித்து அவன் அம்மாயி வந்து சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய்விட்டது. எந்த ஊருக்கு என்று கேட்டுக்கூட வைக்கவில்லை.

இதை உங்க சாரிடம்கூட நான் சொன்னதில்லை.

டப்ளினிலிருந்து வந்த பிறகு, என்னைப் பார்க்க வருகிற பிள்ளைகளுக்கு நான் ஒரு அடுக்கு சர்பத் போட்டுத் தருகிறேன். "டீச்சர் பீர்" என்று அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். பயப்படாதீர்கள், போதை கிடையாது. இலங்கையில் யானை மார்க் ஜிஞ்சர் பீர் என்று விற்பார்களே, அதுவும் பெயரில்தான் பீர். அந்த மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். கேட்டவர்களுக்காகச் செய்முறை:

வேலியில் பூக்கிற நீலச் சங்குப்பூ எட்டுப் பத்து எடுத்துக் காம்பைக் கிள்ளிவிட்டு, ஒரு டம்ளர் கொதித்த நீரில் போட்டு மூடி ஆற வையுங்கள். சர்க்கரை சேர்க்கக் கூடாது. ஒரு துண்டு இஞ்சியைத் தட்டிச் சாறு பிழிந்து, அடியில் வெள்ளையாகப் படியும் வரை பத்து நிமிஷம் வைத்துத் தெளிவை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள். அதோடு அரை மூடி எலுமிச்சைச் சாறு, இரண்டு ஸ்பூன் சர்க்கரை, அரை டம்ளர் தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். உயரமான கண்ணாடி டம்ளரில் முதலில் மூன்று ஸ்பூன் நன்னாரி சர்பத். அதன் மேல் கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து இஞ்சி எலுமிச்சை. அதற்கு மேல் அதே மாதிரி சங்குப்பூத் தண்ணீர். கை நடுங்காமல் நூல் மாதிரி விட வேண்டும். அடியில் தேன் நிறம், நடுவில் இளமஞ்சள், மேலே நீலம் நிற்கும். நீலமும் எலுமிச்சையும் தொடுகிற இடத்தில் ஊதா நிறத்தில் ஒரு கோடு வரும். புளிப்பு பட்டால் சங்குப்பூ நிறம் மாறும், அதுதான் காரணம். சோடா ஊற்றாதீர்கள், குமிழி கிளம்பி எல்லாவற்றையும் கலக்கிவிடும். எனக்கே நாலு தடவை கலங்கிப் போய் ஐந்தாவது தடவைதான் நின்றது. குடிக்கும்போது கலக்கிவிட்டுக் குடியுங்கள், இல்லையென்றால் முதல் பாதி சப்பென்றும் கடைசி வாய் ஒரே தித்திப்பாகவும் இருக்கும்.

போன மாதம் வந்த ஒரு மாணவன், இப்போது அவன் லாரி ஓட்டுகிறான், இந்த டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு "டீச்சர், நான் ரொம்பக் குடிச்சுக்கிட்டு இருக்கேன். விட முடியல" என்றான். முன்பெல்லாம் என்னிடம் யார் இப்படிச் சொல்லியிருப்பார்கள்? நான் அந்தப் பார்வை பார்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். மறு வாரம் டாக்டரிடம் அவனோடு நானும் போனேன்.

குடிப்பது நல்லது என்று நான் எழுதியதாக யாரும் நினைத்துவிடாதீர்கள். என் அப்பாவைத் தின்றது அது. கள்ளக்குறிச்சியில் அத்தனை வீட்டைத் தின்றது. மகனிடமும் "அந்த ஒண்ணையும் விட்டா சந்தோஷப்படுவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். விட்டானா என்று தெரியாது. ஆனால் இப்போது அவன் என்னிடம் பொய் சொல்வதில்லை. உங்கள் வீட்டிலும் யாராவது எதையாவது படிக்குக் கீழே ஒளித்து வைத்திருந்தால், முதலில் அவர்களை உட்கார வைத்துப் பேசுங்கள். வாசலுக்கு வெளியே அனுப்பாதீர்கள்.

இனி அந்த ஒருவருக்கு.

தம்பி, உன் பெயர் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இங்கே எழுதினால் உனக்குச் சங்கடம் என்று எழுதவில்லை. உனக்கு இப்போது நாற்பதை நெருங்கியிருக்கும். இந்தப் பதிவு யார் யார் கை மாறியாவது உன் கண்ணில் படும் என்று நம்புகிறேன். நீ கொண்டு வந்த பாட்டிலில் ஒரு தப்பும் இல்லை. தப்பு முழுக்க என் பேரில். உன்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நீ பதில் எழுத வேண்டும் என்றுகூட இல்லை. இந்தப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வா. குடுமியான்மலைக் கோயில் வாசலில் யாரைக் கேட்டாலும் டீச்சர் வீட்டைக் காட்டுவார்கள். அன்றைக்கு நடத்தாமல் விட்ட பாடத்தை உனக்கு நடத்திக் காட்ட வேண்டும். பாட்டில் வேண்டாம், டம்ளர் நான் வைத்திருக்கிறேன்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்